சுருங்க மறுக்கும் பெயின்ட்

அம்பாசிடர் காரை 1:43 அளவில் இம்மி பிசகாமல் சுருக்கிச் செய்த மாதிரி, அளவெல்லாம் சரியாக இருந்தும் மேசையில் வைத்துப் பார்த்தால் ஏன் பொம்மையாகவே தெரிகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. மாதிரிக் கார்களை விற்கும் விளம்பரங்கள் இந்தக் கேள்விக்கு இடமே இல்லாதது போலப் பேசுகின்றன. அசல் காரை லேசரால் ஸ்கேன் செய்தோம், கணினியில் சுருக்கினோம், முப்பரிமாண அச்சில் எடுத்தோம், ஆகவே நூறு சதவீதத் துல்லியம் என்கிறார்கள். வடிவத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காரின் வடிவத்தைச் சுருக்க முடிகிற நம்மால் அதன்மேல் பூசும் பெயின்ட்டின் குணத்தைச் சுருக்க முடியாது. பார்க்கிற கண்ணையும் சுருக்க முடியாது. அதனால், எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்துச் செய்த மாதிரி அசலைப் போலத் தெரியாமல் போவது இயற்கையின் விதிப்படியே நடக்கிறது. எங்கே அளவை மீற வேண்டும், எவ்வளவு மீற வேண்டும் என்று கணக்குப் போட்டு மீறிய மாதிரிதான் துல்லியமான மாதிரி என்பது என் வாதம்.

1:43 என்ற விசித்திரமான விகிதம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு பத்தி போதும். பிரிட்டனில் ‘ஓ கேஜ்’ பொம்மை ரயில்களை ஓர் அடிக்கு 7 மி.மீ. என்ற கணக்கில் செய்தார்கள், ஓர் அடிக்குரிய 304.8 மி.மீ.-ஐ 7-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 43.5. லிவர்பூலில் பிராங்க் ஹார்ன்பி நடத்திய மெக்கானோ நிறுவனம், தன் ரயில்களுக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்காக 1930-களின் தொடக்கத்தில் சின்னஞ்சிறு கார்களை வார்க்கத் தொடங்கியது. 1934-இல் அவற்றுக்கு டிங்கி டாய்ஸ் என்று பெயர் வந்தது. ரயிலின் விகிதம் காரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1970-களில் ஜப்பானின் டாமியா நிறுவனம், போர்ஷே 934 காரின் 1:12 மாதிரியைச் செய்வதற்காக ஒரு போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கிப் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தது. அளவெடுக்கும் முனைப்புக்கு அன்றும் குறைவில்லை. லேசர் வந்து அந்த வேலையைச் சுலபமாக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழியில் வந்தது. மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவிலிருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 2014 வரை அதைத் தயாரித்தது. சுமார் 4.3 மீட்டர் நீளமும் 1.6 மீட்டர் உயரமும் கொண்ட அந்த வண்டி, 1:43 அளவில் 10 செ.மீ. நீளமும் 3.7 செ.மீ. உயரமும் கொண்டதாகிறது. கதவுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் இடையே 4 மி.மீ. இடுக்கு என்று வைத்துக்கொண்டால், மாதிரியில் அது 0.09 மி.மீ. இப்போது பெயின்ட் அடிக்க வேண்டும். பிரைமர், நிறம், பளபளப்புப் பூச்சு எல்லாம் சேர்ந்து அசல் காரில் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன் வரும். அதை 43-ஆல் வகுத்தால் ஒரு மி.மீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கு அருகே வருகிறது; அத்தனை மெல்லிய பூச்சு அடியிலிருக்கும் பிளாஸ்டிக்கையோ உலோகத்தையோ மறைக்காது. கைதேர்ந்தவர் ஏர்பிரஷால் அடித்தாலும் 0.04 மி.மீ. என்பது நியாயமான தடிமன். இடுக்கின் இரண்டு சுவரிலும் அது படிந்தால் 0.08 மி.மீ. போய்விடுகிறது. லேசர் பிழையில்லாமல் அளந்து கொடுத்த இடுக்கு, பெயின்ட் காயும்போது ஏறக்குறைய அடைபட்டிருக்கும்.

செப்புச் சாமான் வைத்து ரவா தோசை சுடுவதாக எண்ணிப் பாருங்கள். 30 செ.மீ. அகலமுள்ள தோசைக்கல்லை 43-ஆல் வகுத்தால் 7 மி.மீ. அகலத்தில் ஒரு கல் கிடைக்கும். கல்லைச் சுருக்கலாம், கரண்டியைச் சுருக்கலாம், அடுப்பையும் சுருக்கலாம், ரவை சுருங்காது. அரை மி.மீ. ரவை அந்தக் கல்லில் நெல்லிக்காய் பருமனுக்கு நிற்கும். ஒரு ரவையின் உயரத்துக்குக் குறைந்து தோசையை மெலிதாக வார்க்க முடியாது. ரவா தோசைக்கு அழகே அதன் ஓட்டைகள். இங்கே ஓர் ஓட்டை விழுந்தால் தோசையில் பாதி காணாமல் போகும். சுற்றி ஊற்றும் எண்ணெயில் ஒரு சொட்டு விழுந்தாலே கல்லின் பாதி முழுகிவிடும். மாவு கரைத்ததில் பிசகில்லை, பக்குவத்தில் பிசகில்லை. ஆனாலும் கிடைப்பது தோசையாக இராது. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300எஸ்எல் போன்ற வெள்ளி நிறக் கார்களின் மாதிரிகளில் நடப்பது இதுதான். மெட்டாலிக் பெயின்ட்டில் மினுங்கும் அலுமினியத் துகள் 0.02 மி.மீ. அகலம் என்றால், 1:43 மாதிரியில் அது அசல் காரில் பதித்த 0.86 மி.மீ. ஜிகினாவுக்குச் சமம். உலோகத்தின் மென்மையான மினுமினுப்புக்குப் பதிலாகப் பொட்டுப் பொட்டாக மின்னுகிற உடம்பு கிடைப்பது அதனால்தான்.

அந்த எண்ணெய்ச் சொட்டில்தான் இந்த விஷயத்தின் மிக அழகான பகுதி இருக்கிறது. ஒரு பொருளின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே போனால் அதன் எடை நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். திரவத்தின் பரப்பு இழுவிசை நீளத்துக்கு நேராக மட்டுமே குறையும். ஏறத்தாழ 2 மி.மீ. என்ற அளவில் இரண்டும் சமமாகி, அதற்குக் கீழே பரப்பு இழுவிசையின் கை ஓங்கிவிடுகிறது. அசல் காரின் 4 மி.மீ. இடுக்கு அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது. மாதிரியின் கோடுகளும் விளிம்புகளும் எல்லைக்கு வெகு கீழே. ஆகவே அசல் காரில் பெயின்ட் அதிகமானால் புவியீர்ப்பில் வழிந்து இறங்கும். மாதிரியிலோ மேலே கீழே என்ற பேதம் பார்க்காமல் உள்மூலைகளை நோக்கி ஓடும், வெளிமுனைகளை விட்டு விலகும். கதவுக் கோடு, நம்பர் பிளேட்டின் ஓரம், கிரில்லின் கட்டங்கள் என்று குழிந்த இடமெல்லாம் நிரம்பும். பானெட்டின் மடிப்பு, பம்பரின் விளிம்பு என்று புடைத்த இடமெல்லாம் மெலியும். கூர்மையாக வார்த்ததெல்லாம் மொழுக்கென்று ஆகிவிடும். நாம் பொம்மைத்தனம் என்று உணர்வதில் பெரும்பங்கு இந்த மொழுக்கைத்தன்மைதான்.

அதே விசை மாதிரி செய்பவருக்குக் கைகொடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பூரிக்கிறது. அனுபவசாலிகள் பெயின்ட் அடிக்கும் முன்பே கதவுக் கோட்டைக் கூரிய ஊசியால் கீறி ஆழமாக்குகிறார்கள். பூச்சு காய்ந்தபின், தின்னர் கலந்து நீர்க்கச் செய்த கரிய எனாமலில் நுண்ணிய தூரிகையை நனைத்து, கோட்டின் ஒரு முனையில் மட்டும் தொடுகிறார்கள். மை தானாகக் கோட்டுக்குள் ஓடி, கதவைச் சுற்றி வந்துவிடும். கணக்கு இப்படி: 0.1 மி.மீ. அகலமுள்ள, முழுதும் நனையக்கூடிய சீரான பள்ளத்தில் அத்தகைய நீர்த்த எனாமல் சுமார் 6 செ.மீ. உயரம் ஏற முடியும். வண்டியின் மொத்த உயரமே 3.7 செ.மீ.தான். கதவின் அடியில் வைத்த மை, கூரையைத் தாண்டியும் ஏறும் வலுவோடு இருக்கிறது. அசல் காரின் 4 மி.மீ. இடுக்கில் அதே திரவம் ஒன்றரை மி.மீட்டருக்குச் சற்று அதிகமாக மட்டுமே ஏறும். கோட்டை அடைத்துக் கெடுத்த விசையே, கோட்டைக் கைநடுக்கமில்லாமல் வரைந்தும் கொடுக்கிறது.

கறுப்பு மையை ஊற்றிக் கோடு காட்டுவது ஏமாற்று வேலைதானே என்று கேட்கலாம். அசல் காரின் இடுக்கு ஏன் கறுப்பாகத் தெரிகிறது என்பதில் பதில் இருக்கிறது. 4 மி.மீ. அகலமான வாய்க்குப் பின்னால் பல செ.மீ. ஆழம் இருப்பதால் உள்ளே போன வெளிச்சம் திரும்புவதில்லை. இருட்டைத் தீர்மானிப்பது ஆழத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம்; அந்த விகிதத்தைக் காப்பாற்றியிருந்தால் மாதிரியிலும் இருட்டு தானே வந்திருக்கும். ஆனால் மாதிரியின் கதவு பெரும்பாலும் தனிக் கதவல்ல, கீறிய கோடு. ஆழமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றே. இழந்த விகிதத்தை மை ஈடுகட்டுகிறது. இதை முறையான திருத்தம் என்றே சொல்ல வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. அளவை மீறலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், துல்லியம் என்பது அவரவர் ரசனை ஆகிவிடாதா? ஆகாது, கண்ணுக்கும் ஓர் அளவு உண்டு. நல்ல பார்வையுள்ளவர் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும் எல்லை, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 30 செ.மீ. தூரத்தில் அது 0.09 மி.மீ.; காரின் அளவில் 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதாவது மாதிரியை 30 செ.மீ. தள்ளி வைத்துப் பார்ப்பது, அசல் காரை 13 மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். அந்த எல்லைக்கு அருகே கண் கோட்டின் அகலத்தைத் தனியாக அளப்பதில்லை. அகலத்தையும் கருமையையும் சேர்த்துத்தான் உணர்கிறது. எனவே 0.09 மி.மீ. கறுப்புக் கோட்டைப் போட முடியாதவர் 0.15 மி.மீ. சாம்பல் கோட்டைப் போட்டால் பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகும். வெள்ளை அம்பாசிடரில் சுத்தக் கறுப்பால் கோடு போட்டால் அது பேனாவில் வரைந்த படம் போலாகிவிடுவதும், அடர்சாம்பல் பொருந்திவிடுவதும் இதனால்தான். ஆனால் ஏரியல் கம்பியை 0.3 மி.மீ. கம்பியில் செய்தால், காரில் 13 மி.மீ. குழாயை நட்டதற்குச் சமம். அதை எந்த நிறமும் காப்பாற்றாது. எந்த மீறலைக் கண் மன்னிக்கும், எதை மன்னிக்காது என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது.

இதே கணக்கு, மாதிரி செய்பவர்களிடையே வேதவாக்காக உலவும் ஒரு நம்பிக்கையையும் சோதித்துவிடுகிறது. தொலைவிலுள்ள பொருள் காற்றினால் வெளிறித் தெரியுமாம். ஆகவே மாதிரிக்கு அடிக்கும் நிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டுமாம். பத்து கி.மீ. வரை தெரிகிற சாதாரண நாளில் 13 மீட்டர் காற்று ஒளியில் அரை சதவீதத்தைத்தான் சிதறடிக்கும். வீட்டு விளக்கு வெயிலைவிட மங்கல் என்பதற்காக நிறத்தை மாற்றுகிறேன் என்றால் அதில் நியாயம் உண்டு. காற்றின் பெயரால் வெள்ளை கலப்பதற்கு ஆதாரமில்லை.

பழைய கார்மீதுள்ள ஏக்கத்தை அறிவியலால் அளக்க முடியாது என்பவர்களுக்கும் இதில் பயன் இருக்கிறது. நம் கண்களுக்கு இடையே ஆறரை செ.மீ. தூரம் இருக்கிறது, 1:43 மாதிரியைப் பார்க்கையில் அது ஏறத்தாழ 2.8 மீட்டர் இடைவெளியில் கண்கள் கொண்ட ஓர் அரக்கனின் பார்வையாகிவிடுகிறது. இரு கண்ணும் சேர்ந்து ஆழத்தை அளந்து, இது சின்னப் பொருள் என்று மூளைக்குச் சொல்லிவிடுகின்றன. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, கார் கண்ணாடியின் மட்டத்துக்கு வந்து பாருங்கள். வண்டி பெரிதாவது தெரியும். நின்றபடி மேசைமேல் அரை மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால், அசல் காரை 20 மீட்டருக்கும் மேலிருந்து பார்ப்பதற்குச் சமம். ஆறாவது, ஏழாவது மாடியிலிருந்து பார்த்த அம்பாசிடரை யாரும் நினைவில் வைத்து ஏங்குவதில்லை. சிறு பிள்ளையாகத் தெருவோரம் நின்றவர்களுக்கு அந்த உருண்டை பானெட் முகத்துக்கு நேரே இருந்தது. ஆகவே மாதிரி வாங்குபவர் ஸ்கேன் செய்தார்களா என்று கேட்பதோடு நிற்காமல், பெயின்ட் எவ்வளவு மெலிது, கோடு சாம்பலா கறுப்பா, சக்கரக் குழிவின் விளிம்பு மெல்லிய தகடாகத் தெரியும்படி அதை உட்புறம் தேய்த்து மெலித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வாங்கியபின், அதை வைக்கும் அலமாரித் தட்டு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். இவை எதற்கும் லேசர் தேவையில்லை. எல்லாமே அளந்து தீர்மானிக்கக்கூடியவை.