தண்ணீரில் ஓடும் கார்!

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் இந்தப் பேச்சு கிளம்பும்.

ஒரு டப்பா. அதற்குள் எஃகுத் தகடுகள், தண்ணீர், கொஞ்சம் காஸ்டிக் சோடா. கார் பேட்டரியின் மின்சாரத்தைப் பாய்ச்சினால் குமிழி குமிழியாக ஹைட்ரஜன் வாயு வரும். அதை என்ஜினுக்குள் விட்டால் பெட்ரோல் மிச்சமாம்!

வாயு வருவது உண்மைதான். நெருப்புப் பட்டால் வெடிக்கவும் செய்யும்! ஆனால், பேட்டரிக்கு மின்சாரம் கொடுப்பது யார்? அதே என்ஜின்தான். அதற்குச் செலவாகும் பெட்ரோலை இந்த வாயு ஈடுகட்டாது.

அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்து ஸ்டான்லி மேயர், வெறும் தண்ணீரிலேயே கார் ஓடும் என்றார். இருவர் நம்பிப் பணம் போட்டனர். பிறகு கோர்ட்டுக்குப் போனார்கள். நிபுணர்கள் கருவியைப் பார்த்தார்கள். அதில் புதுமை எதுவும் இல்லை! 1996-ல் அது மோசடி என்று தீர்ப்பாயிற்று. 25 ஆயிரம் டாலரை மேயர் திருப்பித் தர வேண்டியதாயிற்று.