ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும்? டோர் வலையமைப்பும் நிகழ்தகவும்

இணையத்தில் யார் யாரோடு தொடர்பு கொள்கிறார் என்பதை மறைக்கும் வலையமைப்புகளில் பலரும் அறிந்தது 'டோர்'. 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவான 'வெங்காய வழி' முறைதான் இதன் அடிப்படை.

தகவல் நேராகப் போகாது. மூன்று இடைக்கணினிகள் வழியாகப் போகும். வெங்காயத் தோல் போல மூன்று அடுக்கு மறையாக்கம். ஒவ்வொரு கணினியும் ஒரு தோலை மட்டும் உரிக்கும். முதல் கணினிக்கு அனுப்பியவரைத் தெரியும், சேருமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்குச் சேருமிடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. இவற்றை நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். ஆகவே எது எப்போது நின்றுபோகும் என்று சொல்ல முடியாது.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போமா? (எண்கள் விளக்கத்திற்கு மட்டுமே.) ஒரு கணினி இயங்கும் நிகழ்தகவு 0.9 என்க.

மூன்றும் இயங்க: 0.9 × 0.9 × 0.9 = 0.729
வழி அறுந்துபோக: 1 − 0.729 = 0.271
வெவ்வேறு கணினிகள் கொண்ட இரு வழிகளில் ஒன்றாவது இயங்க: 1 − (0.271)² ≈ 0.927

அப்படியானால், அறுந்தால் வேறு வழியில் மறுபடி முயன்றால் போதும்தானே? இங்கேதான் மாணவர்கள் ஏமாந்துவிடுவார்கள்.

ஐந்தில் ஒரு கணினி உளவு பார்ப்பவர் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலும் கடைசியும் அவருடையதாக இருந்தால், தகவல் வந்துபோகும் நேரத்தை ஒப்பிட்டே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். அதற்கான நிகழ்தகவு 0.2 × 0.2 = 0.04. அவர் என்ன செய்வார்? தனக்குப் பயன்படாத வழிகளில் தன் கணினி இருந்தால், வேண்டுமென்றே அறுத்துவிடுவார். அப்போது மிஞ்சுபவை இரண்டு வகைதான்: இரு முனையும் அவருடையவை (0.04), மூன்றும் நல்லவை (0.8³ = 0.512). மிஞ்சிய வழிகளில் அவருடைய பங்கு 0.04 ÷ 0.552 ≈ 0.072. 4 விழுக்காடு 7 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது! பழுது போலத் தெரிந்தது உண்மையில் பொறி. இந்த ஆபத்தை 2007இல் ஆய்வாளர்கள் விளக்கிக் காட்டினர்.

இதற்கு டோர் ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. முதல் கணினியை அடிக்கடி மாற்றாமல் மாதக்கணக்கில் ஒன்றையே வைத்துக்கொள்ளும். அது நல்லதாக இருக்கும்வரை, எத்தனை முறை வழி அறுந்தாலும் இரு முனையும் எதிரியிடம் சிக்காது.

பயிற்சி: பத்தில் ஒரு கணினி மட்டும் எதிரியுடையது என்றால், அவருடைய பங்கு என்ன? (விடை: ஏறக்குறைய 1.4 விழுக்காடு.)

ஆசிரியர்கள் நிபந்தனை நிகழ்தகவு நடத்தும்போது இதைப் பயன்படுத்தலாம். 'மிஞ்சியவற்றுள் எத்தனை?' என்று கேட்கப் பழகினாலே பாதிக் கணக்கு முடிந்த மாதிரிதான்.