ஒரு கோப்பு, இரு பெயர்: வன்பிணைப்பும் வட்டின் இடக்கணக்கும்

திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டின் முதற்பாட்டு. பதினோராம் திருமுறையிலும் அஃது இடம்பெற்றுள்ளது. அதன் மின்வடிவைச் சேமிக்கும் ஆய்வாளர் இரு தொகைகளுக்குரிய கோப்புறைகளிலும் அதனை வைக்க விழைவது இயல்பே. 400 மெகாபைட் அளவுள்ள படிமக் கோப்பைப் படியெடுத்து வைத்தால் வட்டில் 800 மெகாபைட் செலவாகும். யூனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களில் ஹார்டு லிங்க் எனப்படும் வன்பிணைப்பைப் பயன்படுத்தினால் 400 மெகாபைட்டே போதும்.

கோப்பு கோப்புறைக்குள் இருப்பதில்லை என்பது யூனிக்ஸின் அடிப்படைக் கொள்கை. ரிட்சி, தாம்சன் ஆகியோரின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையே இதனை விளக்கியுள்ளது. கோப்புறையில் இருப்பவை ஒரு பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே. அவ்வெண் சுட்டும் ஐநோடு என்னும் பதிவில்தான் கோப்பின் அளவு, உரிமை, தரவு அமைந்த இடம் ஆகியன உள்ளன. வன்பிணைப்பு அதே எண்ணுக்கு மற்றொரு பெயரைச் சேர்க்கிறது. இவ்விரு பெயர்களுள் மூலம், படி என்னும் வேறுபாடு இல்லை.

இரும்புலியூர் வழியே செல்லும் ஜி.எஸ்.டி. சாலை முன்பு தேசிய நெடுஞ்சாலை 45. அவ்வெண் 32 என மாறியபோது சாலையில் ஓரடியும் குறையவில்லை. வட்டிலும் அவ்வாறே, ஒரு பெயரை நீக்கினால் இடம் மீளாது. ஐநோடில் பதிவாகியுள்ள பெயர்களின் எண்ணிக்கை ஒன்று குறையும், அவ்வளவே. அது சுழியாகி, எந்த நிரலும் அக்கோப்பைத் திறந்து வைத்திராதபோதுதான் இடம் விடுபடும். ‘டியூ’ கட்டளை இரு கோப்புறைகளையும் ஒருசேர அளந்தால் கோப்பை ஒருமுறையே கணக்கிடும். தனித்தனியே அளந்தால் இரண்டிலும் 400 காட்டும். இடக்கணக்கில் எழும் குழப்பம் பெரும்பாலும் இதனால் விளைவதே.

பதிப்பாசிரியர் அஞ்சவேண்டியது இடக்கணக்கை அன்று, பாடத்தை. தட்டெழுதிய உரைக்கோப்பை வன்பிணைப்பால் இரு பெயரில் வைத்து, ஒன்றில் பாடம் திருத்தி, மற்றொன்றில் பழைய பாடம் இருக்கும் என நம்பினால் அப்பாடம் அழிந்துபோகக்கூடும். சில திருத்திகள் அதே ஐநோடில் எழுதுகின்றன. அப்போது இரு பெயர்களும் புதிய பாடத்தையே காட்டும். வேறு சில புதிய கோப்பை எழுதிப் பழைய பெயரை அதற்குச் சூட்டுகின்றன. பிணைப்பு அறுந்து, அறிவிப்பின்றியே இரு பாடங்கள் உருவாகும். பாடவேறுபாட்டைக் காக்க வேண்டுமெனில் தனிப்படியே எடுக்க வேண்டும். வட்டு பழுதானால் இரு பெயர்களும் ஒருங்கே போகும் என்பதால் காப்புப்படி வேறொரு வட்டில் இருத்தல் வேண்டும். வன்பிணைப்போ ஒரு கோப்பு முறைமையைத் தாண்டாது.