சங்கீத சம்பிரதாய பிரதர்சினியின் கமகக் குறிகள்: பதிப்புகளை ஒப்பிடுதல்

திருவண்ணாமலைக்குரிய முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) கிருதி 'அருணாசலநாதம்'. சாரங்க ராகம், ரூபக தாளம். பஞ்சபூதத் தலங்கள் ஐந்துக்கும் அவர் இயற்றிய கிருதிகளில் இது தேயுத் தலத்துக்கு உரியது. இதைக் கற்கும் மாணவர் கையில் மூன்று வகை அச்சுப் பிரதிகள் வரக்கூடும். ஒன்று, 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. இரண்டு, சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் 1983 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்ட அதன் தமிழ்ப் பதிப்பு. மூன்று, சுரத்தையும் சாகித்தியத்தையும் மட்டும் தரும் பாட்டுப் புத்தகங்கள். இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படும் வேறுபாடு, சுர எழுத்துகளை ஒட்டி நிற்கும் சிறு குறிகளில்தான் உள்ளது.

குறிகள் வந்த வழி

நூலாசிரியர் சுப்பராம தீட்சிதர் (1839–1906) எட்டயபுரம் சமஸ்தான வித்துவான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதருக்கு மகள் வயிற்றுப் பேரன். அவராலேயே சுவீகாரம் செய்துகொள்ளப்பட்டவர். குடும்பச் சொத்தாகக் காத்துவந்த பாடாந்தரத்தை அச்சில் ஏற்ற அவரை இணங்க வைத்ததில் சென்னை அ. மு. சின்னசாமி முதலியாருக்குப் பெரும் பங்கு உண்டு. முதலியார் கர்நாடக இசையை ஐரோப்பியக் கோட்டு முறையில் எழுதி 1890-களில் வெளியிட்டவர். இப்படி ஒருவர் தூண்டியிராவிட்டால் அந்தப் பாடாந்தரத்தில் எவ்வளவு நமக்குக் கிடைத்திருக்கும் என்பது ஐயமே.

'ச ரி க ம' என்று எழுதினால் சுரத்தின் பெயர் தெரியும், அதை அசைக்க வேண்டுமா, வழுக்கிச் செல்ல வேண்டுமா, அழுத்த வேண்டுமா என்பது தெரியாது. ஆகவே சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்குத் தனித்தனிக் குறி அமைத்தார். கம்பிதத்துக்கு அலைக்கோடு. ஏற்ற ஜாருவுக்கு மேல்நோக்கிய சாய்கோடு, இறக்க ஜாருவுக்குக் கீழ்நோக்கியது. ஸ்புரிதத்துக்கு முக்கோணமாக மூன்று புள்ளிகள். பிரத்யாகதத்துக்கு அதே மூன்று புள்ளிகள் தலைகீழாக. நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒதுக்கல், ஒரிக்கை ஆகியவற்றுக்கும் குறிகள் உண்டு. பெரும்பாலும் வீணையில் விரல் செய்யும் வேலையை வைத்தே இவற்றை விளக்குகிறார். ஒதுக்கல் என்றால் மெட்டின் மேல் தந்தியை ஒதுக்கி இழுத்து அடுத்த சுரத்தை வரவழைப்பது. பாட்டு மட்டும் கற்ற மாணவர் ஒரு வீணைக்காரர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்தப் பகுதி எளிதில் விளங்கும்.

அச்சில் நேரும் மாற்றம்

தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாற்றும்போது எழுத்து மட்டும் மாறுவதில்லை, எழுத்தின் உச்சியும் மாறுகிறது. தெலுங்கில் ச, க, ம, ப, த போன்ற எழுத்துகளின் மேல் 'தலக்கட்டு' என்னும் சிறு கொக்கி உண்டு. கண்டிப்புக் குறியும் ஏறக்குறைய அதே வடிவம். தெலுங்குப் பழக்கம் குறைந்தவர் இரண்டையும் குழப்பிக்கொள்ள இடமுண்டு. தமிழிலோ வேறு சிக்கல். மேல் ஸ்தாயிக்குச் சுரத்தின் மேல் ஒரு புள்ளி வைக்கிறோம். 'ச' மேல் புள்ளி வைத்தால் கண்ணுக்கு அது 'ச்'. இடம் பார்த்துப் படித்துக்கொள்கிறோம்.

மங்கிய நகலில் மூன்று புள்ளிகளில் இரண்டு அழிந்தால் ஸ்புரிதம் ஸ்தாயிப் புள்ளியாகத் தோன்றும். அலைக்கோடு தேய்ந்து நேர்கோடானால் கம்பிதம் காலக் குறியாகத் தெரியும். அசைக்க வேண்டிய சுரத்தை மாணவர் இரட்டை வேகத்தில் பாடிவிடுவார். கைப்பேசியில் சிறிதாக்கிப் பார்க்கப்படும் பிரதிகளில் இந்த ஆபத்து அதிகம்.

சில குறிகளை இசையே சரிபார்த்துத் தரும். ஸ்புரிதம் ஆரோகண ஜண்டையில் (ச ச ரி ரி) வருவது, பிரத்யாகதம் அவரோகண ஜண்டையில் (ச ச நி நி). இறங்குவரிசையில் ஸ்புரிதக் குறியைக் கண்டால், புள்ளிகள் தலைகீழாக அச்சாகியிருக்குமோ என்று மூலத்தைப் பார்க்கலாம். நொக்கு, ரவை போன்றவற்றுக்கு இப்படிப்பட்ட சோதனை எளிதல்ல. அங்கே பழைய பதிப்பும் குரு சொன்ன பாடமுமே துணை.

ஐரோப்பாவிலும் இதே தலைவலி இருந்தது. சோப்பின் தம் பியானோ உருப்படிகள் பலவற்றைப் பாரிஸ், லைப்சிக், லண்டன் ஆகிய மூன்று நகரங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளியிட்டார். அச்சுக்குச் சென்ற பிரதிகள் வெவ்வேறாக இருந்ததால், எந்தச் சுரத்திலிருந்து எதுவரை ஒரே மூச்சாக இசைப்பது என்று காட்டும் வளைகோடு பதிப்புக்குப் பதிப்பு வேறுபட்டது. பின்வந்த பதிப்பாசிரியர்கள் தங்கள் விருப்பப்படியும் கோடுகளை நீட்டினார்கள். வளைகோடு மாறினால் சொற்றொடரைப் பிரிக்கும் இடம் மாறும். நம் கமகக் குறி மாறினாலோ ராகத்தின் முகமே மாறக்கூடும், இழப்பு இங்கே பெரிது என்பது என் கருத்து.

சாரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் அடையாளம் 'ரி க ம ரி ச' என்று வளைந்து இறங்கும் பிடி. பிரதி மத்தியம ராகமாக இருந்தும் இந்த இடத்தில் சுத்த மத்தியமம் தொடப்படுகிறது. குறியில்லாப் புத்தகத்தில் இது வெறும் ஐந்து எழுத்து. எங்கே நிற்பது, எதை அசைப்பது என்பதைக் கேள்வி ஞானம் உள்ளவர் மட்டுமே நிரப்பிக்கொள்வார். ஆசிரியர் கிடைக்காத ஊரில் புத்தகத்தை மட்டும் நம்பும் மாணவர் நேராக வாசித்துவிட்டுப் போவார்.

1904 பதிப்பின் படப்பிரதி இணையத்தில் கிடைக்கிறது. தேடுவோருக்கு ஒரு குறிப்பு: நூல் அகர வரிசையில் இல்லை, மேள வரிசையில் உள்ளது, மேளப் பெயர்களும் வேங்கடமகி மரபைச் சேர்ந்தவை. 'அருணாசலநாதம்' 65-ஆம் மேளத்தில் இருக்கிறது. ஆனால் 'மேசகல்யாணி' என்று தேடினால் அகப்படாது, 'சாந்தகல்யாணி' என்று தேட வேண்டும்.