நீள்வட்டத்தில் சிக்கும் கரும்பொருள்

1974-இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியில் ரஸ்ஸல் ஹல்ஸும் ஜோசப் டெய்லரும் ஒரு பல்சாரைக் கண்டார்கள். நொடிக்குப் பதினேழு முறை சுழலும் நியூட்ரான் விண்மீன் அது. அதன் ரேடியோத் துடிப்புகள் சில சமயம் முந்தி வந்தன, சில சமயம் பிந்தி வந்தன. கண்ணில் படாத ஒரு துணையோடு அது 7 மணி 45 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. ஈர்ப்பு அலைகளாக ஆற்றலை இழந்து இரண்டும் நெருங்கிக்கொண்டே வருகின்றன. ஒரு சுற்றில் குறையும் நேரம் அற்பம்தான். ஆனால் அது சேரச் சேர, முப்பது ஆண்டில் இரண்டும் மிக அருகில் வரும் கணம் சுமார் 40 நொடி முந்திவிட்டது. ஐன்ஸ்டைனின் கணக்கோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் இரண்டு பங்குகூடப் பிசகவில்லை!

இத்தனை துல்லியமான கடிகாரத்தைக் கரும்பொருளைத் தேடவும் பயன்படுத்தலாம் என்று 2017-இல் டியேகோ பிளாஸ், டயானா லோபெஸ் நசீர், செர்கே சிபிர்யாகோவ் ஆகிய மூவரும் காட்டினார்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் கரும்பொருள் எதனால் ஆனது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஒருவேளை அதன் துகள், எலெக்ட்ரானின் நிறையில் ஐம்பது லட்சம் கோடி கோடி கோடியில் ஒரு பங்கே கொண்டதாக இருந்தால்? அதைத் துகள் என்று சொல்வதே பொருந்தாது. அதன் அலைநீளம் ஆயிரம் ஒளியாண்டைத் தாண்டும். விண்வெளி முழுக்க நிறைந்து, சுமார் பதினாறு மாதத்துக்கு ஒரு முறை ஊசலாடும். ஓர் ஊசலாட்டத்துக்கு இரண்டு முறை என, அதன் ஈர்ப்பு எட்டு மாதத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும். துகள் கனக்கக் கனக்க இந்தத் தாளம் விரைவாகும்.

ஒரே சுருதிக்குச் சேர்த்த இரண்டு தந்திகளில் ஒன்றை மீட்டினால் மற்றதும் அதிரும். கரும்பொருளின் தாளமும் ஒரு விண்மீன் ஜோடியின் சுற்றுக்காலமும் இசைந்துவிட்டால் அங்கேயும் ஒத்ததிர்வுதான்: சுற்றுக்குச் சுற்று ஒரே பக்கமாகத் தள்ளல் சேரும். ஆனால் ஈர்ப்பு மட்டுமே வேலை செய்யும்போது வட்டப் பாதை இதற்கு உதவாது. அதில் இரண்டுக்கும் இடையே தூரம் மாறுவதில்லை. தள்ளலும் இழுப்பும் கழிந்துபோகும். நீள்வட்டம் வேண்டும். ஹல்ஸ்-டெய்லர் ஜோடியின் பாதை நன்றாகவே நீண்டது. மிக அருகில் இருக்கும்போது உள்ள தூரத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் விலகிப்போகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். தள்ளல் மிகச் சிறியது. அதை ஈர்ப்பு அலை இழப்பிலிருந்து பிரித்தறிவது எப்படி? ஈர்ப்பு அலை எந்த ஜோடியையும் சுருக்கத்தான் செய்யும். கரும்பொருள் அப்படியல்ல. அலை எந்தக் கட்டத்தில் இருக்கும்போது விண்மீன்கள் நெருங்குகின்றன என்பதைப் பொறுத்து, ஒரு ஜோடியின் பாதையைச் சுருக்கும், இன்னொன்றை விரிக்கும். அதுவும் தன் தாளத்துக்கு இசைந்த ஜோடிகளை மட்டும். மற்றவை ஐன்ஸ்டைன் சொன்னபடியே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் வெவ்வேறு சுற்றுக்காலம் கொண்ட நீள்வட்ட ஜோடிகள் நமக்கு ஏராளமாகத் தேவை. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எழும் எஸ்கேஏ ரேடியோ தொலைநோக்கிகள் அவற்றைத் தேடித் தரும்.