புயல் எச்சரிக்கை: ஆடு மாடுகளுக்கும் மேட்டில் இடம் வேண்டும்

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. எனவே புயல் என்பது மீனவர்களின் கவலை என்று நம் கரிசல் விவசாயிகள் பலர் எண்ணுகின்றனர். ஆனால் கடலில் உருவாகும் புயல் நமக்கு மழையாக வந்து சேருகிறது. வானம் பார்த்த பூமிக்கு அம்மழை வரப்பிரசாதம்தான். அதுவே ஒரே இரவில் கொட்டித் தீர்த்தால் கண்மாய்க் கரைக்குச் சோதனை.

2020 டிசம்பர் 2 மாலை சிவகாசிக்கு அருகே ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தேன். 'புரெவி' புயல் இலங்கையை நெருங்கிக் கொண்டிருந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே அது கரையைக் கடக்கும் என்பது வானிலைத் துறையின் கணிப்பு. விருதுநகர் உள்ளிட்ட 6 தென் மாவட்டங்களுக்கு டிசம்பர் 4 அன்று விடுமுறையும் விடப்பட்டது. கண்மாய்க்குக் கீழே தாழ்வான தெருவில் இருந்தவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரும்படி அழைத்தோம். மானாவாரி விவசாயி ஒருவர் மட்டும் மறுத்துவிட்டார். அவர் மனைவியும் மகளும் பட்டாசு ஆலைக்கு வேலைக்குச் செல்பவர்கள். வீட்டில் 20 ஆடுகள், 2 மாடுகள்.

"நாங்க வந்துருவோம் சார். ஆட்டுக்குப் பள்ளிக்கூடத்துல எடம் குடுப்பீகளா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஒரே பாதை, இரு முடிவுகள்

அன்றிரவு புயல் திருகோணமலைக்கு வடக்கே இலங்கையைக் கடந்தது. பின்னர் மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் கரையோரமாக நகராமல் நின்று, வலுவிழந்து அடங்கியது. பெருமழையோ கடலூர், சிதம்பரம் பக்கம் பெய்து அங்குள்ள வயல்களை மூழ்கடித்தது. சில நாள் கழித்து அந்த விவசாயி, "என்ன சார், வந்துச்சா ஒங்க புயல்?" என்று சிரித்தார்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலும் இவ்வாறே வட இலங்கையைக் கடந்து வந்ததுதான். ஏறக்குறைய ஒரே பாதை. ஒன்று ஊரையே விழுங்கியது, மற்றொன்று கடலிலேயே கரைந்தது. இன்று செயற்கைக்கோளும் ராடாரும் புயலை மணிக்கு மணி கவனிக்கின்றன. எனினும் கரையை நெருங்கும் புயல் நின்றுவிடலாம், திசை மாறலாம். ஆகவே எச்சரிக்கை விடுத்த பின் புயல் வராமற்போனால் அதைப் பொய் என்று தள்ளிவிடக் கூடாது.

இதற்கு நேர்மாறானது 2023 டிசம்பர். அப்போது வந்தது பெயர் சூட்டப்பட்ட புயல் அல்ல. குமரிக்கடல் பகுதியில் நிலவிய காற்றுச் சுழற்சியே. டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணியில் வெள்ளம் புரண்டது. தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்கள் உடைந்தன. எனவே புயலின் பெயரைவிட மழையளவைக் கவனிப்பதே நமக்கு முக்கியம். 20 செ.மீ.க்கு மேல் மழை என்று சிவப்பு எச்சரிக்கை வந்தால், புயல் எங்கே கரை கடந்தாலும் தாழ்வான இடத்தை விட்டுவிட வேண்டும்.

வயலில் செய்ய வேண்டியவை

எச்சரிக்கை கிடைத்ததும் வெடித்த பருத்தியைப் பறித்துவிடுங்கள். முற்றிய மக்காச்சோளக் கதிர்களை ஒடித்து மேட்டில் சேருங்கள். மழைக்கு முன் யூரியா இடுவதும் மருந்து தெளிப்பதும் பண விரயம். நிலத்தின் சரிவான பக்கம் வடிகால் வெட்டுங்கள். கரிசலில் நீர் எளிதில் இறங்காது. தேங்கினால் வேர் அழுகும். வாழைக்கு முட்டுக் கொடுங்கள். தென்னையில் முற்றிய குலைகளையும் காய்ந்த மட்டைகளையும் அகற்றுங்கள். கண்மாயின் கலுங்கு, மடைகளில் அடைப்பு இருந்தால் முன்னதாகவே நீக்குங்கள். தம் வயலைக் காக்கக் கரையை வெட்டுவது அடுத்த ஊரை அழிப்பதாகும்.

பட்டாசுத் தொழிலாளர் கவனத்துக்கு

நம் பகுதியில் ஒரே வீட்டில் ஏரும் உண்டு, பட்டாசு வேலையும் உண்டு. அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால் சூடேறி, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். எனவே மருந்துப் பொருள் எதையும் வீட்டில் வைக்கக் கூடாது. நனைந்த பட்டாசை வெயிலில் உலர்த்த முயல்வதும் ஆபத்து.

மறுப்பவரின் நியாயம்

வெளியேற மறுப்பவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லிவிடுவது எளிது. நான் பார்த்தவரை, அவர்களை வீட்டோடு கட்டிப் போடுவது ஆடு, மாடு, விதை மூட்டை, ரேஷன் அட்டை, நிலப் பத்திரம் ஆகியவையே. 2020க்குப் பின் வந்த கோடையில் அவ்வூர்ப் பெரியவர்களுடன் பேசி, ஊருக்கு மேற்கே மேடான புறம்போக்கு ஒன்றை மந்தைக்கென முடிவு செய்தோம். பத்திரங்களை வைக்கப் பாலிதீன் பை வாங்கி வைக்கச் சொன்னோம்.

2023 டிசம்பரில் எங்கள் பக்கமும் மழை பலத்து, கண்மாய் மறுகால் பாய்ந்தது. அன்று மாலை முதல் ஆளாக ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிச் சென்றவர் அந்த விவசாயிதான். மாடுகளின் கயிற்றையும் அவிழ்த்துவிட்டிருந்தார். அதன்பின் குடும்பத்தோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். யாரும் அழைக்கவில்லை.

விவசாயப் பெருமக்களே! ஐப்பசி பிறப்பதற்கு முன்பே உங்கள் ஊரிலும் மந்தைக்கு ஒரு மேட்டைத் தேர்ந்து வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077; இதை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். எச்சரிக்கை பத்து முறை பலிக்காமற் போகலாம். பதினோராவது முறையும் ஆடுகளை ஓட்டிக் கொண்டு மேடேறுங்கள்.