வழக்குகள் வளர்த்த சட்டம் – 7: மைனரின் கையெழுத்து

ஓர் ஒப்பந்தம் சட்டத்தின் முன் நிற்க வேண்டுமானால், முன்மொழிவும் ஏற்பும் மறுபயனும் இருந்தால் மட்டும் போதாது. அதைச் செய்துகொள்ளும் இருவரும் அதற்குத் தகுதி உடையவர்களாகவும் இருக்க வேண்டும். முதல் மூன்றும் சென்ற இதழ்களில் விளக்கப்பட்டுவிட்டன. நான்காவதான தகுதியில் மிகுதியாக வழக்குக்கு வந்தது வயது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, உரிய வயதை அடைந்தவரும், சித்த சுவாதீனம் உள்ளவரும், வேறு சட்டத்தால் தடுக்கப்படாதவருமே ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது. அந்த வயது 18 என்று 1875ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வகுத்தது. ஆனால், மைனருக்கு நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்தாலோ, அவருடைய சொத்து ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ எனப்பட்ட அரசு நிர்வாகத்தில் இருந்தாலோ, அது 21 ஆயிற்று. இந்தக் கூடுதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் சொத்துள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே பொருந்தின. தமிழில் ‘மைனர்’ என்றால் வயது குறைந்தவன் என்பதோடு, தகப்பன் சேர்த்து வைத்ததைக் கழுத்துச் சங்கிலியும் கேளிக்கையுமாகக் கரைக்கும் இளைஞன் என்றும் பொருள்படுவது இங்கே நினைக்கத்தக்கது. சட்டம் காக்க நினைத்தவனும் வட்டிக்காரர் காத்திருந்தவனும் ஒருவனே.

தகுதியற்றவர் போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்பதை 11ஆம் பிரிவு சொல்லவில்லை. ஒப்பந்தம் என்று ஒன்று பிறக்கவே இல்லை, அது தொடக்கம் முதலே செல்லாதது என்று கொள்ளலாம். அல்லது, ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது, மைனர் விரும்பினால் அதைத் தள்ளிவிடலாம் என்றும் கொள்ளலாம். முன்னதில் யாருக்கும் எந்தக் கடமையும் எழாது. பின்னதில் மறுதரப்பு கட்டுப்பட்டிருக்க, தேர்வு மைனரின் கையில் இருக்கும். இந்த வேறுபாட்டைத் தீர்த்து வைத்தது கல்கத்தாவில் எழுந்த மொஹரி பீபி – தர்மதாஸ் கோஷ் வழக்கு.

தர்மதாஸ் கோஷ் 1895 ஜூலை 20 அன்று, பிரம்ம தத் என்ற வட்டித் தொழில் செய்பவருக்குத் தம் வீடுகளை 20,000 ரூபாய்க்கு, ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் அடமானம் எழுதிக் கொடுத்தார். அப்போது கடன் கொடுத்தவர் கல்கத்தாவில் இல்லை. அவர் சார்பில் கேதார்நாத் மித்தர் என்ற அட்டர்னி காரியங்களைக் கவனித்தார். பத்திரம் முடிவதற்கு ஐந்து நாள் முன்பே, நீதிமன்றம் நியமித்த காப்பாளரான தர்மதாஸின் தாயார், தம் வழக்கறிஞர் மூலம் அந்த அட்டர்னிக்குக் கடிதம் அனுப்பியிருந்தார்: மகனுக்கு இன்னும் 21 வயது ஆகவில்லை, பணம் கொடுப்பவர் தம் பொறுப்பிலேயே கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும், தாம் ஜூன் 17 அன்றே மேஜர் ஆகிவிட்டதாக ஒரு நீண்ட உறுதிமொழியை தர்மதாஸிடம் எழுதி வாங்கிக்கொண்டு அட்டர்னி பத்திரத்தை முடித்தார். அவ்வளவு நீளமான உறுதிமொழி தேவைப்பட்டதே, எழுதி வாங்கியவருக்கு இருந்த ஐயத்தைக் காட்டிவிடுகிறது.

செப்டம்பர் 10 அன்று தாயார் மூலம் மகன் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. இதற்கிடையே கடன் கொடுத்தவர் இறந்துவிட, மொஹரி பீபி அவர் இடத்தில் தரப்பினரானார். 1903இல் சர் ஃபோர்டு நார்த் அறிவித்த தீர்ப்பு, மைனரின் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாதது என்றது. ஒருமுறை சொன்னதைப் பிறகு மறுக்க முடியாது என்னும் முரண்தடை விதியை வட்டிக்காரர் தரப்பு துணைக்கு அழைத்தது. உண்மை இரு தரப்புக்கும் தெரிந்திருக்கையில் அந்த விதிக்கு இடமில்லை என்று விடை வந்தது. கொடுத்த பணத்தையாவது திருப்பித் தரச் சொல்ல வேண்டும் என்ற கோரிக்கையும், மைனர் என்று அறிந்தே கொடுத்தவருக்கு இரக்கம் காட்டக் காரணமில்லை என்று தள்ளப்பட்டது.

வழக்குக்கு இந்த முடிவு சரியானதே. ஆனால், ஏமாற்றப்படாத வட்டிக்காரரை வைத்துத்தான் இவ்வளவு பரந்த விதி வகுக்கப்பட்டது. வயதைப் பற்றிப் பொய் சொல்லி, நம்பியவரிடம் பணம் பறித்த மைனரை என்ன செய்வது என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. அதனால்தான் அது பின்னர் உயர் நீதிமன்றங்களைப் பிரித்தது. 1928இல் லாகூர் முழு அமர்வு, அத்தகைய மைனர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அது ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது ஆகாது, பழைய நிலைக்குத் திரும்புவதே என்றது. 1937இல் அலகாபாத் முழு அமர்வு இதை ஏற்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்பது செல்லாத கடனைக் கொல்லைப்புறமாக உள்ளே விடுவதாகும் என்பது அதன் கருத்து. 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 33ஆம் பிரிவு ஒரு நடுவழியைக் கண்டது: மைனரோ அவர் சொத்தோ அடைந்த பயன் எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டும் திருப்பித் தரும்படி நீதிமன்றம் பணிக்கலாம்.

உணவு, உடை, கல்வி போன்ற இன்றியமையாத் தேவைகளை மைனருக்கு அளித்தவர் நிலை வேறு. ஒப்பந்தச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி அவர் மைனரின் சொத்திலிருந்து ஈடு பெறலாம். மைனரைச் சொந்தப் பொறுப்பில் கட்டுப்படுத்த முடியாது. எது இன்றியமையாதது என்பதற்கு இன்றும் 1908ஆம் ஆண்டின் ஓர் ஆங்கில வழக்கே எடுத்துக்காட்டப்படுகிறது. கேம்பிரிட்ஜ் மாணவர் ஒருவருக்கு 11 ஆடம்பர வெயிஸ்ட்கோட்டுகள் உட்படத் துணிகள் விற்ற தையல்காரர் பணம் கேட்டு வழக்கிட்டுத் தோற்றார். மாணவரிடம் ஏற்கெனவே போதிய உடைகள் இருந்தன.

விதியின் கூர்மை மைனரையே திருப்பிக் குத்திய இடங்களும் உண்டு. ஒப்பந்தமே இல்லை என்றால் மைனருக்கு வர வேண்டிய நன்மையும் இல்லை என்றாகிவிடும். 1916இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு இந்த ஆபத்தை உணர்ந்தது. தம் பங்கு பணத்தைக் கொடுத்து முடித்துவிட்ட மைனர், தமக்கு எழுதித் தரப்பட்ட அடமானத்தை நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று அது தீர்ப்பளித்தது. கல்கத்தா வழக்குக்குப் பின் வந்தவற்றுள் மிகவும் நியாயமான தீர்ப்பு இதுவே எனலாம். ஆனால், பணத்துக்குப் பதிலாக உழைப்பைத் தருவதாக மைனர் வாக்களித்தால் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. திரைப்படத்தில் நடிக்கச் சம்பளம் பேசி, பிறகு வாய்ப்பு மறுக்கப்பட்ட ஒரு மைனர் பெண்ணின் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகவே முடிவு செய்தது: மைனரின் வாக்குறுதி சட்டத்தின் கண்ணில் வெறுமை, வெறுமை மறுபயன் ஆகாது, எனவே அவருக்காகத் தந்தை செய்த ஒப்பந்தமும் நிற்காது. யாரைக் காக்க விதி பிறந்ததோ அவரே வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

காப்பாளர் இருந்தால் 21 என்ற விதி 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. தர்மதாஸ் இன்று கையெழுத்திட்டிருந்தால் பெரும்பாலும் மேஜராகவே கருதப்பட்டிருப்பார். நடிக்கும் குழந்தைகளின் நிலையில் ஒப்பந்தச் சட்டம் தராத காப்பு வேறு வழியில் வந்தது. 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, குழந்தை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அதன் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அதன் பெயரிலேயே நிரந்தர வைப்பாகப் போடப்பட வேண்டும். அந்தப் பணம் குழந்தை மேஜர் ஆன பிறகே அதன் கைக்கு வரும்.